பிரெஞ்சுப் பத்திரங்கள், ஜெர்மனியில் கலியாணம்: மொழிபெயர்ப்பாளர் தேடிய ஒரு அலுவலின் ஆய்வு

பெண் பருத்தித்துறையில் பிறந்தவர். சிறு வயதில் தாயோடு பாரிஸ் போய், தகப்பனுக்குப் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை கிடைத்தபோது தானும் பிரெஞ்சுப் பிரஜை ஆனவர். தாதியர் படிப்பை அங்கேயே முடித்தார். படிக்கும் காலத்திலேயே ஒரு கலியாணம் நடந்தது, அது சரிவரவில்லை. இருவரும் பேசி விலகிக்கொண்டார்கள். இப்போது பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை ஜெர்மனியில் பிறந்த ஜெர்மன் பிரஜை. வீடு, வேலை எல்லாம் நோர்த்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில். பதிவுத் திருமணத்தை ஜெர்மனியில் முடித்துக்கொண்டு, பிறகு பெண் அங்கேயே தாதியாக வேலைக்குப் போவது என்று இரு வீட்டாரும் தீர்மானித்தார்கள்.

கலியாணத்துக்கும் வேலைக்கும் பெண்ணின் பத்திரங்களை ஜெர்மன் அலுவலகங்களில் காட்ட வேண்டும். கையில் இருப்பவையோ பிரெஞ்சில். "அண்ணை, பிரெஞ்சில இருந்து டொச்சுக்கு மாத்த நல்ல ஆள் ஒருத்தரைத் தெரியுமோ?" (டொச்சு என்றால் ஜெர்மன் மொழி) என்ற கேள்வியோடுதான் அலுவல் என்னிடம் வந்தது. பாரிசில் வளர்ந்த பிள்ளை டோர்ட்முண்டில் வாழ்க்கைப்படுவதும், ஜெர்மனியில் படித்த பிள்ளை பிரான்சுக்குப் போவதும் நம் ஆட்களிடம் இப்போது சாதாரணம், ஆகவே இந்தக் கேள்வியும் சாதாரணமாகிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் அலுவல்களை ஒன்றாக்கி, ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன். சட்டமும் நடைமுறையும் இருந்தபடியே இருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேடுவது இந்த அலுவலின் சுலபமான பகுதி. எந்தப் பத்திரத்தை மொழிபெயர்க்கவே தேவையில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பும் இருக்கிறது, காசு மிச்சமும் இருக்கிறது.

மேசைக்கு வந்த கட்டு

பெண் அனுப்பிய கட்டில் இருந்தவை: நாந்த் நகரிலிருந்து எடுத்த பிறப்புப் பதிவின் முழுப் பிரதி, முதல் கலியாணம் பதிவான நகரசபையிலிருந்து எடுத்த திருமணப் பதிவின் முழுப் பிரதி, பிரெஞ்சுக் குடும்பப் புத்தகம், இரு சட்டத்தரணிகளும் கையொப்பமிட்ட மணமுறிவு உடன்படிக்கை, அதை வைப்பில் எடுத்ததாக நொத்தாரிசு கொடுத்த கடிதம், தாதியர் டிப்ளோமா, மூன்று வருடப் படிப்பின் புள்ளி விவரங்களும் பயிற்சிப் பதிவேடும், குற்றப்பதிவுச் சான்று, பிரஜாவுரிமை கிடைத்த ஆணையின் பிரதி. கடைசியாக, தாய் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், தமிழில்.

நாந்த் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் பிறந்து பிரெஞ்சுப் பிரஜை ஆனவர்களுக்குப் பிறந்த ஊர்ப் பதிவுக்குப் பதிலாக ஒரு பிரெஞ்சுப் பிறப்புப் பதிவை உருவாக்கி வைக்கிறார்கள். அதைச் செய்வது பிரெஞ்சு வெளிவிவகார அமைச்சின் கீழ் நாந்த் நகரில் இயங்கும் மத்திய குடிசார் பதிவுச் சேவை. ஆகவே பருத்தித்துறையில் பிறந்தாலும் இந்தப் பெண்ணின் பிறப்புப் பதிவு சட்டப்படி ஒரு பிரெஞ்சுப் பத்திரம், ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் அரச பத்திரம். இது பின்னால் பெரிய உபகாரமாக வந்தது. இலங்கைச் சான்றிதழைத் தமிழிலிருந்து ஜெர்மனுக்கு மாற்றி, கொழும்பில் உறுதிப்படுத்தி, ஜெர்மன் தூதரகத்துக்கு அனுப்பி என்று மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் தன் காலத்து அனுபவத்தை வைத்துப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் அவருக்கு அது உண்மை. இந்தப் பெண்ணின் விஷயத்தில் அந்த உறையைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதலில் வந்த மூன்று யோசனைகள்

மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். அகதி விண்ணப்பக் காலத்திலிருந்து ஊர் ஆட்களின் கடதாசி எல்லாம் அவர் கையால் போனவைதான். பிரெஞ்சும் ஓரளவு தெரியும். "அவர் முத்திரை குத்தித் தருவார், பிரச்சினை இல்லை." பிரச்சினை இருந்தது. ஜெர்மனியில் இந்த அங்கீகாரம் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. அவருக்கு இருந்தது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும். பிரெஞ்சுப் பத்திரத்தில் அவருடைய முத்திரைக்கு என் கையெழுத்துக்குள்ள மதிப்புத்தான். இதை அவரிடமே கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார். நேர்மையான மனிதர், தெரிந்தவர்கள்தான் அவர் பெயரில் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பெண்ணின் சிநேகிதி. பாரிசில் ஜெர்மன் மொழி படித்து ஆசிரியையாக இருப்பவர். அவருடைய ஜெர்மன் எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்களின் ஜெர்மனைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் பதிவு அலுவலகம் பார்ப்பது மொழித்திறனை அல்ல. பிழை வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் கையொப்பமிட்டிருக்கிறாரா என்பதைத்தான்.

மூன்றாவது, இணையத்தில் கண்ட ஒரு நிறுவனம். கட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து பதிவேற்றினால் உடனே விலை சொல்லும். சொன்ன விலையைக் கேட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். அந்த விலையில் அநியாயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஜெர்மன் நீதிமன்றங்கள் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் ஊதியச் சட்டத்தில், 2021 திருத்தத்தின்படி, 2025 நடுப்பகுதி வரை, இடைவெளியும் சேர்த்து 55 எழுத்துள்ள ஒரு வரிக்கு அடிப்படைத் தொகை 1.80 யூரோவாக இருந்தது, திருத்தக்கூடிய மின்கோப்பாக இல்லாமல் தாளாகவோ படமாகவோ வந்தால் 1.95. தனியார் வேலைக்கு இந்த அளவு கட்டாயமில்லை, ஆனாலும் பலர் இதை ஒட்டித்தான் விலை சொல்கிறார்கள். மணமுறிவு உடன்படிக்கை 25 பக்கம், பக்கத்துக்கு 30 வரி என்று வைத்தால், அந்த அடிப்படைத் தொகையிலேயே அது ஒன்றுக்கு 1,350 யூரோ. நிறுவனம் கேட்டதைச் செய்யத் தயாராக இருந்தது. கேட்டதுதான் தேவைக்கு அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணமுறிவு உடன்படிக்கையில் இருவருடைய சம்பளம், கடன், வீட்டுச் சாமான் பங்கீடு வரைக்கும் இருக்கும். விலை கேட்பதற்காக அதை நாலு இணையத்தளங்களில் ஏற்றுவது நல்லதல்ல. பக்க எண்ணிக்கையையும், ஒரு பக்கத்தைப் பெயர்களை மறைத்தும் அனுப்பினால் விலை சொல்லப் போதும்.

பதிவாளரிடம் ஒரு மின்னஞ்சல்

திருமணம் பதியப் போகும் ஸ்டாண்டெஸ்அம்ட்டுக்கு, அதாவது குடிசார் பதிவு அலுவலகத்துக்கு, மாப்பிள்ளை எழுதினார். பெண் பிரெஞ்சுப் பிரஜை, முன்பு ஒருமுறை பிரான்சில் மணமுடித்து பிரான்சிலேயே நீதிமன்றம் போகாமல் மணமுறிவு பெற்றவர், இன்ன இன்ன பத்திரங்கள் கைவசம் உள்ளன, எதை எந்த வடிவில் ஏற்பீர்கள் என்று நேராகக் கேட்டார். "என்னென்ன வேண்டும்?" என்று மொட்டையாகக் கேட்டால் எல்லா நாட்டாருக்கும் பொதுவான அச்சடித்த பட்டியல்தான் வரும், அதில் 'எல்லா வெளிநாட்டுப் பத்திரங்களுக்கும் மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் (பத்திரம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்ட இடும் மேலுறுதி முத்திரை)' என்று இருக்கும். பத்திரங்களைப் பெயர் சொல்லிக் கேட்டதால் பெயர் சொல்லிப் பதில் வந்தது.

அப்போஸ்டில் முத்திரை தேவையில்லை. பிரான்சும் ஜெர்மனியும் 1971 செப்டம்பர் 13 அன்று செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஒரு நாட்டின் அரச பத்திரத்துக்கு மற்ற நாட்டில் மேலுறுதி கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/1191 ஒழுங்குவிதியும் 2019 பெப்ரவரி 16 முதல் குடிசார் பத்திரங்கள் பலவற்றுக்கு இதையே எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விரித்திருக்கிறது. அப்படியிருந்தும் "அப்போஸ்டில் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள்.

பிறப்புக்கு, நாந்திலிருந்து பன்மொழிச் சுருக்கப் பிரதி கொண்டு வந்தால் போதும், மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றார் பதிவாளர். இது 1976 செப்டம்பர் 8 அன்று வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வரும் படிவம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஒவ்வொன்று. தலைப்புகள் பல மொழிகளில் அச்சாகியிருக்கும், நிரப்புவது பெயரும் தேதியும் சில குறியீடுகளும் மட்டும். பிரெஞ்சு நகரசபைகளும் நாந்தும் குடிசார் பதிவுப் பிரதிகளுக்குக் காசு வாங்குவதில்லை. பெண் முழுப் பிரதியைக் கேட்டு எடுத்திருந்தார், பன்மொழிப் பிரதியும் அதே விண்ணப்பத்தில் தெரிவுசெய்யக்கூடிய ஒன்றுதான். யாரும் சொல்லாததால் கண்ணில் படவில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு படிவம் உண்டு. 2016/1191 விதியின் கீழ் வரும் பன்மொழித் தரப்படிவம் தனியாகச் செல்லாது, மூலப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மொழித்துணை அது. அதிலுள்ள தகவல் போதாது என்று வாங்குகிற அலுவலகம் கருதினால் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். வியன்னாப் படிவமோ தானே ஒரு பத்திரம். சுவிசில் மணமுடிக்கப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்: சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஒழுங்குவிதி அங்கே செல்லாது, ஆனால் 1976 ஒப்பந்தத்தில் சுவிசும் இருக்கிறது.

முதல் கலியாணத்துக்குப் பதிவாளர் முழுப் பிரதியையே கேட்டார், ஓரக்குறிப்போடு. பிரெஞ்சுப் பதிவுகளில் பின்னால் நடந்ததெல்லாம் பழைய பதிவின் ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும். மணமுறிவு எந்தத் தேதியில், எந்த நொத்தாரிசிடம் வைப்பாகியது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். சுருக்கப் பிரதியில் அது ஒரு குறியீடாகவும் தேதியாகவும் சுருங்கிவிடும். அவருக்கு அந்த வாசகம் வேண்டும், ஜெர்மனில். ஆகவே மொழிபெயர்க்க வேண்டிய முதல் தாள் இது. குடும்பப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை.

மணமுறிவு என்னும் தடித்த கட்டு

2017 ஜனவரி 1 முதல் பிரான்சில், கணவன் மனைவி இருவரும் ஒத்துக்கொண்டால் நீதிபதியிடம் போகாமலே மணமுறிவு பெறலாம். இருவருக்கும் தனித்தனிச் சட்டத்தரணி வேண்டும். உடன்படிக்கை வரைவு கைக்குக் கிடைத்தபின் 15 நாள் யோசிக்கக் கட்டாய அவகாசம். பிறகு கையொப்பம், நொத்தாரிசு அதைத் தன் ஆவணங்களில் வைப்பில் எடுத்ததும் மணமுறிவு நிறைவேறுகிறது. ஆகவே இந்தப் பெண்ணிடம் நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒரு தாளே கிடையாது. ஜெர்மனியிலோ மணமுறிவை நீதிமன்றம் மட்டுமே கொடுக்க முடியும். "தீர்ப்பு எங்கே?" என்று ஜெர்மன் அலுவலர் கேட்பதும், "தீர்ப்பு இல்லை, இதுதான்" என்று நம்மவர் உடன்படிக்கைக் கட்டை நீட்டுவதும், "அப்படியானால் இது முழுவதையும் மொழிபெயர்த்துக் கொண்டு வாருங்கள்" என்று முடிவதும் இப்படித்தான்.

2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதி 2019/1111 இந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து பதிவான இப்படியான மணமுறிவு உடன்படிக்கைகளை மற்ற உறுப்பு நாடுகளும் தனி அங்கீகார நடைமுறை இல்லாமல் ஏற்க வேண்டும். அதற்கு அந்த விதியின் 66ஆம் பிரிவின்படி ஒரு சான்றுப் படிவம் வேண்டும். பிரான்சில் அதைக் கொடுப்பவர் வைப்பு எடுத்த நொத்தாரிசு. எண்ணிட்ட கட்டங்கள் கொண்ட படிவம். எல்லா ஒன்றிய மொழிகளிலும் அதே எண், அதே கட்டம். ஜெர்மன் அலுவலர் தன் மொழிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்து வாசித்துக்கொள்ளலாம்.

பெண்ணின் மணமுறிவு இந்தத் தேதிக்குப் பிந்தியது. ஆனால் சான்றுப் படிவத்தை அப்போது யாரும் கேட்கவில்லை, நொத்தாரிசும் கேட்காமல் கொடுக்கவில்லை. இந்த அலுவலில் அதிக நேரம் தின்றது இந்த ஒரு தாள். பெண்ணின் சட்டத்தரணி கடிதம் எழுதிய பின்தான் நொத்தாரிசின் அலுவலகம் அசைந்தது. வந்தபின் பதிவாளர் கேட்டது மூன்று: சான்றுப் படிவம், உடன்படிக்கையின் உறுதிப்படுத்திய பிரதி, வைப்புக் கடிதத்தின் மொழிபெயர்ப்பு. உடன்படிக்கை பிரெஞ்சிலேயே கோப்புக்குள் போயிற்று. 25 பக்கக் கணக்கு ஒரு பக்கமாகக் குறைந்தது.

பிள்ளைகள் இருந்திருந்தால் கதை வேறு. பராமரிப்பு ஏற்பாட்டுக்குத் தனிச் சான்று, அதற்குத் தனிக் கேள்விகள். இங்கே அது இல்லை.

திருமணத் தகுதிச் சான்று

ஜெர்மன் குடியியல் சட்டத்தின் 1309ஆம் பிரிவு, மணமுடிக்க வரும் வெளிநாட்டவர் தன் நாட்டுச் சட்டப்படி தடை எதுவும் இல்லை என்று காட்டும் சான்றைக் கேட்கிறது. பிரெஞ்சுப் பிரஜைக்கு அதைத் தருவது பிரெஞ்சுத் தூதரகம், திருமண அறிவித்தலை 10 நாள் பகிரங்கமாக ஒட்டி வைத்த பிறகு. கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கலியாணம் நடக்காவிட்டால் சான்று செத்துவிடும். எனவே இதை முதலில் எடுக்கக் கூடாது. நொத்தாரிசின் தாள் வரும்வரை பெண் இதற்கு விண்ணப்பிக்காமல் இருந்தது நல்லதாயிற்று. மண்டபக்காரர் முற்பணம் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தபோது அப்படி இருப்பது லேசல்ல.

இனி, மொழிபெயர்ப்பாளர்

இப்போது மொழிபெயர்க்க மிஞ்சியவை: திருமணப் பதிவின் முழுப் பிரதி, நொத்தாரிசின் வைப்புக் கடிதம், வேலைக்காகத் தாதியர் டிப்ளோமாவும் அதோடு ஒட்டிய ஓரிரு தாள்களும். இந்தப் பட்டியல் கையில் இருந்ததால்தான் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று யோசிக்க முடிந்தது.

வழி இரண்டு. பிரான்சில், 36 மேன்முறையீட்டு நீதிமன்றங்களும் தத்தம் நிபுணர் பட்டியலை வைத்திருக்கின்றன, மொழிபெயர்ப்பாளர்களும் அதில்தான். முதலில் 3 வருடம் தற்காலிகமாகச் சேர்த்து, பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அவர்கள் மொழிபெயர்ப்பிலும் மூலத்திலும் ஒரே இலக்கத்தை இட்டு முத்திரை வைப்பார்கள். ஜெர்மனியில், மாநில நீதித்துறைகள் சேர்ந்து நடத்தும் இணையத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. மொழியையும் ஊரையும் கொடுத்தால் அங்கீகாரம் பெற்றவர்களின் பெயர் வரும், காசு கிடையாது. 1955இல் தொடங்கிய ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் கூட்டமைப்பான பிடியூவின் தேடல் பக்கமும் உதவும். யாராவது 'நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்' என்று சொன்னால் அந்த அரசுத் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்ப்பதே போதுமான பரிசோதனை.

அங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வாயால் மொழிபெயர்ப்பவர் வேறு, எழுத்தில் மொழிபெயர்ப்பவர் வேறு. நீதிமன்றத்தில் உரைபெயர்க்க மட்டும் பிரமாணம் செய்தவரின் பெயரும் அதே பட்டியலில் வரும். பத்திரத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்புக்கான அங்கீகாரம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இந்த அங்கீகாரத்தை அழைக்கும் பெயர் மாறும், அது பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பவேரியாவில் இருப்பவர் செய்த மொழிபெயர்ப்பைக் கொல்னில் ஏற்பார்கள்.

பிரான்சில் இருப்பவர் செய்ததை? குடிசார் பத்திரமானால் ஏற்க வேண்டும். 2016/1191இன் 6ஆம் பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் சட்டப்படி தகுதியுள்ளவர் செய்த உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும் என்கிறது. "ஜெர்மனியில் பிரமாணம் செய்தவர்தான் வேண்டும்" என்று சொல்கிற அலுவலருக்கு இந்தப் பிரிவைக் காட்டலாம். ஆனால் இந்த விதி டிப்ளோமாவைத் தொடுவதில்லை. படிப்புச் சான்றுகள் அதற்கு வெளியே. ஆகவே இந்தப் பெண்ணுக்கு ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுப்பதுதான் புத்தி. ஒரே கை என்றால் பெயரும் ஊரும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வரும்.

தரவுத்தளத்தில் எடுத்த சில பேருக்குப் பெண் எழுதினார். எத்தனை தாள், எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்பதைச் சொல்லி, ஸ்கேன் போதுமா, மூலத்தைப் பார்க்க வேண்டுமா, இறுதிப் பிரதிக்கு முன் வரைவைக் காட்டுவீர்களா என்று கேட்டார். மலிவான விலை சொன்னவரை விட்டு, வரைவு காட்டச் சம்மதித்தவரைத் தேர்ந்தெடுத்தார். என்னைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா திருப்பிக் கேட்ட முதல் கேள்வியிலேயே ஆளின் தரம் தெரிந்தது: "கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை அனுப்புங்கள், பெயர் எழுத்துக்களை ஒப்பிட வேண்டும்." ஊர்ப் பெயரும் அப்போதுதான் அகப்பட்டது. கடவுச்சீட்டில் பிறந்த இடம் பொயின்ட் பெட்ரோ. பழைய திருமணப் பதிவிலோ பருத்தித்துறை, அதுவும் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி. மொழிபெயர்ப்பாளர் இரண்டில் எதையும் திருத்த முடியாது. இருப்பதை அப்படியே எழுதி, இரண்டும் ஒரே ஊர் என்று அடிக்குறிப்பு வைத்தார்.

பழைய பெயர்

அலுவல் உண்மையில் சிக்கியது டிப்ளோமாவில். படிக்கும் காலத்தில் பெண் மணமானவர், ஆகவே டிப்ளோமாவில் தகப்பன் வழிப் பெயரும், பக்கத்தில் முன்னாள் கணவரின் பெயரும் இருந்தன. பிறப்புப் பதிவிலும் இப்போதைய கடவுச்சீட்டிலும் கணவர் பெயர் இல்லை.

மாப்பிள்ளையின் தாய் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பழைய பேரை டொச்சில எழுதாமல் விடச் சொல்லுங்கோ. ஆருக்கு அது தேவை?" மாமியாரின் சங்கடம் விளங்கியது. ஆனால் பத்திர மொழிபெயர்ப்பில் எதையும் விட முடியாது. முத்திரை, கையொப்பம் வாசிக்க முடியவில்லை என்ற செய்தி, வெட்டிய சொல், ஓரத்து இலக்கம் எல்லாம் வர வேண்டும். ஒரு பெயரை விட்டுவிட்டு 'முழுமையானது, சரியானது' என்று கையெழுத்திட்டால் மொழிபெயர்ப்பாளரின் அங்கீகாரமே போய்விடும்.

பெயரை மறைப்பதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை, ஏனென்றால் பிரச்சினை வேறிடத்தில் இருந்தது. ஜெர்மனியில் கலியாணத்தோடு ஒருவர் துணையின் பெயரை எடுத்தால் அதுவே அவருடைய சட்டப் பெயர். மணமுறிவுக்குப் பிறகும் அதே பெயர்தான் நிற்கும், பழைய பெயருக்குத் திரும்ப விரும்பினால் பதிவாளர் முன் அறிவிக்க வேண்டும். பிரான்சில் அப்படியல்ல. பிறப்புப் பதிவிலுள்ள பெயரைத் தவிர வேறு பெயர் எந்தப் பிரஜைக்கும் இல்லை என்று 1794இல், புரட்சிக் காலத்தில், போட்ட சட்டம் இன்றும் நிற்கிறது. கணவர் பெயர் வெறும் பாவனைப் பெயர். தாளில் எழுதிக்கொள்ளலாம், சட்டப் பெயர் மாறாது. ஜெர்மன் அங்கீகார அலுவலகத்திலிருந்து வரக்கூடிய கேள்வி இதுதான்: "பழைய பெயருக்குத் திரும்பியதற்கான சான்று எங்கே?" பிரான்சில் அப்படி ஒரு சான்று கிடையாது, மாறாத பெயருக்குத் திரும்ப வேண்டியதில்லை. கிடைக்காத தாளைத் தேடி நகரசபைக்கும் நாந்துக்கும் எழுதி மாதங்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் இதை முன்கூட்டியே பார்த்தார். டிப்ளோமா மொழிபெயர்ப்பின் அடியில், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாகத் தெரியும்படி, இரண்டாவது பெயர் பிரெஞ்சுச் சட்டப்படி பாவனைப் பெயர் மட்டுமே என்று இரண்டு வரி எழுதினார். அதோடு நாந்துப் பிறப்புப் பிரதியும், மணமுறிவுக் குறிப்புள்ள திருமணப் பதிவின் மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் ஒரே ஆள் என்பது விளங்கும். கலியாண அலுவலுக்காகச் செய்த மொழிபெயர்ப்பு இங்கே இரண்டாம் முறை உதவியது. ஆரம்பத்திலேயே அந்த மொழிபெயர்ப்பில் முத்திரையிட்ட இரண்டு பிரதி கேட்டு வாங்கியிருந்தார்கள். இரண்டாவது பிரதிக்குக் கேட்கும் தொகை மிகச் சிறியது.

டிப்ளோமாவோடு வந்த புள்ளி விவரங்களையும் பயிற்சிப் பதிவேட்டையும் மொழிபெயர்க்கவில்லை. இந்தப் பெண் படித்த, 2009 சீர்திருத்தத்தின் கீழான பிரெஞ்சுத் தாதியர் படிப்பு 3 வருடம், 4,200 மணிநேரம். பாதி வகுப்பு, பாதி மருத்துவமனைப் பயிற்சி. பொதுத் தாதியர் தகுதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 பணிப்புரையின் கீழ் தானாகவே அங்கீகாரம் பெறும் தொழில்களில் ஒன்று. பாடம் பாடமாக ஒப்பிடத் தேவையில்லாத இடத்தில் பாடப் பட்டியலுக்கு ஏன் காசு? பயிற்சி அந்தப் பணிப்புரைக்கு இணங்கியது என்று பிரெஞ்சு அதிகாரி தரும் ஒரு சான்றுத் தாளே பெறுமதியானது, அதைத்தான் மொழிபெயர்த்தார்கள். புள்ளிகளை மொழிபெயர்க்க வேண்டி வருகிறவர்களுக்கு ஒரு சொல்: 20க்கு 14 என்பதை மொழிபெயர்ப்பாளர் ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது. அது அங்கீகார அலுவலகத்தின் வேலை.

குற்றப்பதிவுச் சான்றும் நாந்திலிருந்துதான் வருகிறது, வேறு அலுவலகம், அதுவும் இலவசம். சொந்த நாடு கொடுக்கும் 'குற்றப்பதிவு இல்லை' என்ற சான்று 2016/1191க்குள் அடங்கும், ஆகவே பன்மொழித் தரப்படிவத்தோடு கேட்டெடுக்கலாம்.

வரைவு வந்தபோது

பெண்ணும் மாப்பிள்ளையும் மூலத்தையும் வரைவையும் பக்கம் பக்கமாக வைத்து வாசித்தார்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் தேதிகளை எண்ணால் அல்ல, எழுத்தால் எழுதுவார்கள். தொண்ணூற்றிரண்டு என்பதை 'நாலு இருபது பன்னிரண்டு' என்று சொல்லும் மொழி அது. அவசரத்தில் வாசித்தால் வருடம் எண்பதுகளுக்குப் போய்விடும். வரைவில் ஓர் இடத்தில் அப்படித்தான் போயிருந்தது. முத்திரை குத்து முன் திருத்தியாயிற்று. முத்திரைக்குப் பிறகு கண்டிருந்தால் புது அச்சு, புதுத் தபால், பதிவாளரிடம் புது நேரம்.

இறுதிப் பிரதியில் மொழிபெயர்ப்போடு மூலத்தின் நகலும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. எந்த மொழியிலிருந்து, மூலத்தைப் பார்த்தா ஸ்கேனைப் பார்த்தா செய்தது, எந்த அங்கீகாரத்தின் கீழ் என்பதெல்லாம் உறுதிமொழி வாசகத்தில் இருந்தன. தாள்களைப் பிரித்து ஃபோட்டோகொப்பி எடுக்கலாமா என்று மாப்பிள்ளையின் தம்பி கேட்டாராம். பிரிக்கக் கூடாது, பிரித்தால் பதிவாளர் அதைக் குலைந்த பத்திரமாகப் பார்ப்பார்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. அங்கேயே பதிவாளரிடம் ஜெர்மன் திருமணச் சான்றிதழோடு சர்வதேசத் திருமணச் சான்றிதழும் கேட்டு வாங்கினார்கள். அதே 1976 வியன்னாப் படிவம்தான், இந்தமுறை ஜெர்மனி கொடுப்பது. பெண்ணின் கலியாணம் பிரெஞ்சுப் பதிவுகளிலும் ஏற வேண்டும் என்பதால் தூதரகத்துக்கு அது போயிற்று. தாதியர் அங்கீகார விண்ணப்பம் தயாராக இருக்கிறது. ஜெர்மன் மொழிப் பரீட்சையில் பி2 தரச் சான்று வந்ததும் சேர்த்து அனுப்புவார்கள்.